நந்திமுகவர்மனின் சிவப்பு கார்

பருத்திப்பட்டு ஏரியோரத்துக் கல்யாண மண்டபத்தில் அன்றைக்குக் கல்யாணம் எதுவும் இல்லை. ஆனாலும் செருப்பு விட இடமில்லை. பட்டுப்புடவை, பவுடர், ஒட்டுமீசை, வாடகை வாள் என்று பாதி ஆவடி திரண்டு வந்திருந்தது. ஒருத்தர் மார்பில் கவசம் கட்டியிருந்தார். கிட்டப் போய்ப் பார்த்தால் கிரிக்கெட் பேடு. எல்லாம் ஒரு டி.வி. தொடருக்கு ஆள் எடுக்கிறார்கள் என்பதற்காக.

தொடரின் கதை இதுதான். அம்பத்தூர் ஐ.டி. கம்பெனியில் வேலை செய்யும் பெண் லிஃப்டில் ஏறுகிறாள். நாலாவது மாடிக்குப் பதிலாக எட்டாம் நூற்றாண்டில் இறங்குகிறாள். எதிரே மன்னன் நந்திமுகவர்மன். கண்டதும் காதல். அந்த நூற்றாண்டில் லிஃப்டுக்குக் கரண்ட் ஏது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நடிகர்களைத் தேர்ந்தெடுப்பவர் டைரக்டர் இல்லை, 'காலயோகி' தசரதன். காவி வேட்டி, கழுத்தில் கொட்டை, தலையில் அட்டைக் கிரீடம்.

"நடிக்கத் தெரிஞ்சவன் எனக்கு வேணாம். அந்தக் காலத்துல நிஜமாவே வாழ்ந்தவன்தான் வேணும். போன ஜென்மத்துல ராஜாவா இருந்தவன் கேமரா முன்னாடி சும்மா நின்னா போதும்!" என்று மைக்கில் முழங்கினார்.

மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. நடிக்கத் தெரியாத எங்களுக்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன வேண்டும்?

இந்தக் கதையில் ஏமாந்த சோணகிரி யார் என்று நீங்கள் தேடிக் கஷ்டப்பட வேண்டாம். நான்தான். பெயர் ஜோசப்ராஜ். வயது நாற்பத்தொன்பது. ஃபேக்டரி ஸ்டோரில் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிற உத்தியோகம். என் தொப்பை என்னைவிட அரை நிமிஷம் முன்னால் வீட்டுக்குள் நுழையும்.

என் முறை வந்ததும் தனி அறைக்குள் போனேன். எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது. "சாமி, நான் கிறிஸ்தவன். எங்களுக்கு முன்ஜென்மமே கிடையாதே?"

தசரதன் சிரித்தார். "எட்டாம் நூத்தாண்டுல உன் ஊர் சர்ச்சு கட்டியிருந்தாங்களா?"

"இல்லை."

"அப்ப நீ எங்க இருந்திருப்ப? யோசி."

யோசித்தேன். நியாயமாகத்தான் பட்டது. இருபது வருஷமாக ஞாயிறு தவறாமல் கேட்ட பிரசங்கம் அந்த ஒரு கேள்வியில் காலி.

அவர் கண்ணை மூடினார். உடம்பை உலுக்கினார். "காலம் தாண்டிட்டேன்... இனிமே இந்தக் காலத்துச் சத்தம் ஒண்ணும் என் காதுல விழாது" என்றார். உதவியாளர் அவர் காதருகே ஹாரன் அடித்துக் காட்டினார். மனுஷன் அசையவில்லை. பிறகு சட்டென்று கண் திறந்து என் காலில் விழுந்தார். "மன்னா! நந்திமுகவர்மா! இதை நாப்பத்தெட்டு நாளைக்கு வெளிய யார்கிட்டயும் சொல்லாதே!"

என் காலில் இதுவரை விழுந்தது ஸ்டோர் ரூம் ஸ்பானர் மட்டும்தான். உருகிப் போய்விட்டேன்.

ஒரே ஒரு நிபந்தனை. தொடருக்கான கிரீடத்தில் அவரவர் வீட்டுப் பொன்னை உருக்கிக் கலக்க வேண்டுமாம். அதற்குப் பெயர் ஜென்மப்பொன். அது கலந்தால்தான் காலக்கதவு திறக்கும். அடுத்த ஞாயிறு கொண்டுவரச் சொன்னார்.

என் வீட்டில் இருந்த பொன் ஒன்றே ஒன்று. என் மனைவி ஞானகுமாரியின் கழுத்துச் சங்கிலி. மகள் ஃபெபியின் கல்யாணத்துக்கென்று அவள் காப்பாற்றி வைத்திருப்பது. ஃபெபிக்குக் காய்ச்சல் கண்ட மாதத்தில்கூட அடகுக் கடைப் பக்கம் போகாத சங்கிலி.

ஞானகுமாரி ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் கவுண்டரில் உட்காருகிறவள். அரை டிக்கெட் கேட்டு வரும் மீசை முளைத்த பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறவள். நான் கண்ணாடி முன் மீசையை முறுக்கியபடி விஷயத்தைச் சொன்னேன். வெளியே சொல்லாதே என்றால் பொண்டாட்டியிடம் சொல்லக்கூடாது என்றா அர்த்தம்?

"எட்டாம் நூத்தாண்டுக்கா? சிங்கிளா, ரிட்டர்னா?" என்றாள்.

"கிண்டல் பண்ணாத ஞானம். ஹாரன் அடிச்சாலும் அவருக்குக் கேக்கல."

"ஹாரன் அடிக்கப் போறாங்கன்னு அவருக்கு முன்னாடியே தெரியும் இல்ல? சரி, சங்கிலி தரேன். ஆனா நானே வந்து என் கையால போடுவேன்."

சந்தோஷத்தில் அன்று நான் இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டேன். ராஜபோஜனம்.

ஞாயிறு வந்தது. மேடையில் செம்புக்குடம். தசரதன் கண்மூடி எட்டாம் நூற்றாண்டில் இருந்தார். "குதிரைக் குளம்பொலி கேட்கிறது... போர்முரசு கேட்கிறது..." ஒவ்வொருவராகப் போய்க் குடத்தில் மோதிரமும் வளையலும் போட்டார்கள். எங்கள் முறை. ஞானகுமாரி சங்கிலியைக் கழற்றினாள். எனக்கு அந்த நேரத்தில்தான் முதன்முறையாக ஃபெபியின் கல்யாணம் ஞாபகம் வந்தது. ஆனாலும் தடுத்தேனா? இல்லை. மன்னன் அல்லவா.

அவள் குடத்துக்கு மேலே கையை நிறுத்தினாள். பக்கத்தில் நின்ற இட்லிக்கடை வேம்புலியம்மாளிடம் சாதாரணக் குரலில் சொன்னாள்.

"ஏங்க்கா, கேட்டாண்ட நிக்குதே சிவப்பு கார், அது யாருது? போலீஸ் வண்டி வந்து தூக்கிகினு போறான்."

அவ்வளவுதான்.

"ஐயோ, என் காரு! டேய், நிறுத்துடா! நோ பார்க்கிங் போர்டு எங்கடா கீது?"

காலயோகி மேடையிலிருந்து ஒரே தாவு. கிரீடம் உருண்டது. வேட்டி தடுக்கியது. எட்டாம் நூற்றாண்டிலிருந்து மண்டப வாசலுக்கு இரண்டே நொடியில் வந்து சேர்ந்தார். வாசலில் சிவப்பு கார் நின்ற இடத்திலேயே நின்றது. போலீஸும் இல்லை, வண்டியும் இல்லை.

திரும்பிப் பார்த்தார். மண்டபம் முழுக்க அவரையே பார்த்தது.

"அது வந்து... எட்டாம் நூத்தாண்டுல எனக்கு ஒரு தேர் இருந்துச்சு. அதைத்தான்..."

"தேருக்கு ரிமோட் சாவியா?" என்றாள் ஞானகுமாரி. ஓடும்போது இடுப்பிலிருந்து உருவி அவர் கையில் பிடித்திருந்த சாவி அந்த நேரம் பார்த்து அழுந்தியது. சிவப்பு கார் 'கீக் கீக்' என்று பதில் சொன்னது.

சிரிப்பு அடங்கும் முன்பே எங்கள் மாடி ஃபிளாட் ஜெகதீஷ், ஐ.டி.க்காரர், படித்தவர், மெதுவாகக் கேட்டார். "அப்ப நான் நந்திமுகவர்மன் இல்லையா?"

"நீங்களா? நான்தானே!" என்றேன்.

"என்னாது?" என்றார் கிரிக்கெட் பேடு.

எண்ணிப் பார்த்தோம். பத்தொன்பது நந்திமுகவர்மர்கள். பட்டத்து ராணிகள் இருபத்தாறு. அதில் ஒருத்தி வேம்புலியம்மாள். படைவீரன் ஒருத்தன்கூட இல்லை. வேம்புலியம்மாள்தான் முதலில் குடத்தைக் கவிழ்த்தாள். "எம் மோதிரத்தைக் குடுறா பேமானி!" அவரவர் நகை அவரவர் கைக்கு வந்தது. தொடரும் இல்லை, கேமராவும் இல்லை. தசரதன் பின்வாசல் வழியாக ஓடப் பார்த்தபோது பத்தொன்பது மன்னர்களும் சேர்ந்து பிடித்தோம். எங்கள் ஆட்சியில் நடந்த ஒரே போர் அதுதான்.

வீட்டுக்கு வரும்போது ஞானகுமாரி சங்கிலியை மாட்டிக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது. வெட்கமாக இருந்தது. "மன்னிச்சுக்க ஞானம். உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றேன்.

"காலம் தாண்டிப் போறவன் கார் சாவியை இடுப்புல சொருவிகினு போறான். அதை நாலடி தூரத்துல இருந்து நான் பார்த்தேன். கேட்டாண்ட நின்ன காரும் அது ஒண்ணுதான். அவன் கால்ல விழுந்தப்ப உங்க கண்ணுக்கு நேர் கீழ இருந்திருக்கும். நீங்க இன்னாத்த பார்த்தீங்க?"

நான் என்னத்தைப் பார்த்தேன்? என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், கிரீடத்தோடு.

இன்றைக்குக் காலையில் ஜெகதீஷ் படியில் என்னைப் பிடித்துக் காதில் கிசுகிசுத்தார். பூந்தமல்லியில் ஒருத்தர் வந்திருக்கிறாராம், நிஜமானவராம், அடுத்த ஜென்மத்தைச் சொல்கிறாராம். படிக்கிற நீங்களும் வேண்டுமானால் போய் வாருங்கள். கண்ணை மூடிக்கொள்வது அவர் தொழில். நீங்களும் ஏன் ஐயா சேர்ந்து மூடிக்கொள்கிறீர்கள்?