தலைவர் டார்ச் பிடிப்பதில்லை

ஒளியை முதலில் கண்டுபிடித்தவர் யார் என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் தகராறு இருக்கலாம். ஆனால் வந்த ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும் தகுதி எந்தக் குடும்பத்துக்கு உண்டு என்பதில் பெரியவருக்கு எள்ளளவும் சந்தேகம் இருந்ததில்லை. வாசலுக்கு வந்த எத்தனையோ சம்பந்திகளையே வந்த வழியில் திருப்பி அனுப்பிய குடும்பம் அது. வெளிச்சம் எம்மாத்திரம்!

ஆகவே, ஆவணக் காப்பகத்தில் முப்பத்தொரு வருடம் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற கையோடு, வெளிச்சம் பட்டால் ஒளிரும் பட்டைகளும் அவற்றை வைத்துத் தைத்த மேற்சட்டைகளும் விற்கும் நிறுவனம் ஒன்றை அவர் தொடங்கினார். இருட்டில் சாலையில் நிற்பவர்களை வண்டிக்காரர்களின் கண்ணில் படவைக்கும் உன்னதத் தொழில். பெரியவர் தலைவர். அவருடைய தம்பி துணைத் தலைவர். மகன் நிர்வாக இயக்குநர். தொழிலைப் பற்றிப் படிப்பது, பட்டை விற்பவர்களைத் தேடிப் பிடிப்பது, தையல் மிஷின் மிதிப்பது, கூட்டக் குறிப்பு எழுதுவது, மூன்று அதிகாரிகளுக்கும் காப்பி போடுவது ஆகிய ‘இதர பணிகள்’ மட்டும் மருமகளுக்கு.

கூட்டக் குறிப்பின் முதல் வரி எப்போதும் ஒன்றுதான்: “வந்திருந்தோர்: மூவர்.” எழுதியவள் வந்திருந்தாளா என்று யாரும் கேட்டதில்லை. பெரியவர் குறிப்பைப் படிக்காமல்தான் கையெழுத்திடுவார். தான் சொன்னதைத் தானே சரிபார்ப்பது கௌரவக் குறைவு.

முதல் ஆர்டர் வந்தது. தெருப் பெருக்கும் பணியாளர்களின் மேற்பார்வையாளரம்மா நூறு சட்டை கேட்டார். விடியுமுன் வேலைக்கு இறங்கும் அவருடைய ஆட்களில் இரண்டு பேரை அந்த வருடம் வண்டி இடித்திருந்தது.

“வண்டிய விட்டுப் பாத்துட்டுத்தான் வாங்குவேன்” என்றார் அந்த அம்மா.

உடனே பட்டைத் தேர்வுக் குழு கூடியது. சாமான் அறையின் சன்னலைப் போர்வையால் மூடினார்கள். சுவரில் இரண்டு பட்டைகள். ஒன்று சாம்பல் நிறத்தில் அழுது வடிந்தது. இன்னொன்று சரிகை மாதிரி தளதளவென்று மின்னியது. பெரியவர் பக்கவாட்டில், சாய்வு நாற்காலியில் அமர்ந்தார். தம்பி எதிரே நின்று டார்ச்சை நெற்றிக்குப் பக்கத்தில் பிடித்துச் சாம்பல் பட்டையின் மேல் அடித்தார்.

“யப்பா! கண்ணு கூசுது அண்ணே!”

“எனக்குக் கூசலையே?”

“அப்படியா? அப்ப எனக்கும் கூசலை அண்ணே.”

மருமகள் மெல்லச் சொன்னாள். “மாமா, வெளிச்சம் எங்கேருந்து வருதோ அங்கேயேதான் இது திருப்பி அனுப்பும். பக்கத்துல உக்காந்தா தெரியாது. டார்ச்ச நீங்களே பிடிச்சுப் பாருங்க.”

அறை அதிர்ந்தது. மகனுக்கு இருமல் வந்துவிட்டது.

“ஏம்மா, இந்தக் குடும்பத்துத் தலைவன் கையில டார்ச்சா? எங்க தாத்தா தன் செருப்பைக்கூடத் தானே தேடினதில்லை.”

சரிகைப் பட்டை எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் மின்னியது. முக்கியமாக, நாற்காலியிலிருந்து மின்னியது. ஒருமனதாகத் தேர்வானது. சட்டைக்கு நிறம் கறுப்பு. “பச்சை மஞ்சள்னு கிளி மாதிரி திரியறது நம்ம நிறுவனத்துக்கு அழகில்லை” என்றார் பெரியவர். மருமகள் மிஞ்சிய சாம்பல் பட்டையைத் தனக்கென்று ஒரு பழைய சட்டையில் தைத்துக்கொண்டாள்.

சோதனை நாள். சன்னலே இல்லாத நீளக் கிடங்கு. பகல் பதினோரு மணிக்கே உள்ளே கும்மிருட்டு. ஒரு கோடியில் மங்கலான முகப்பு விளக்கோடு குப்பை லாரி, அதில் ஓட்டுநர், பக்கத்தில் மேற்பார்வையாளரம்மா. மறு கோடியில் யார் நிற்பது என்று பேச்சு வந்ததும் தம்பிக்கு முழங்கால் வலித்தது. மகனுக்கு அவசரமாக ஒரு போன் வந்தது.

“நானே நிக்கறேன். நம்ம சரக்கு மேல நமக்கே நம்பிக்கை இல்லைன்னா எப்படி?” என்று பெரியவர் கறுப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு போய் நிமிர்ந்து நின்றார். அந்த நிமிர்வை எந்த லாரியும் மதித்தே தீரும்.

லாரி மதிக்கவில்லை. ஆள் எங்கே என்று தேடிக்கொண்டே வந்தது. நாற்பது அடி. முப்பது அடி. “தெரியுதா?” என்று பெரியவர் கேட்ட குரல் எஞ்சின் சத்தத்தில் கரைந்தது. ஒதுங்கலாம்தான். ஆனால் அந்தக் குடும்பத்தில் யாரும் எதற்கும் ஒதுங்கியதில்லை.

இருபது அடியில் மருமகள் ஓடிவந்து அவர் முன்னால் நின்றாள். அவள் மார்பில் இரண்டு வெள்ளைக் கோடுகள் பளீரென்று தீப்பிடித்தன. பிரேக் கிறீச்சிட்டது. லாரியின் மூக்கு அவளிடமிருந்து ஒரு முழத்தில் நின்றது.

ஓட்டுநர் குதித்து இறங்கினார். “ஏம்மா, வண்டி வர்றப்ப இப்படித் தனியாவா உள்ள ஓடியாரது?”

“தனியா இல்லைங்க. பின்னால மாமா நிக்கறாங்க.”

“எங்க?”

“இதோ இருக்கேன்!” என்று கர்ஜித்தார் பெரியவர்.

“சத்தம் கேக்குது ஐயா. ஆனா சத்தியமா நான் பாத்தது ஒரே ஒரு ஆளைத்தான்.”

மேற்பார்வையாளரம்மா மருமகளின் பட்டையைத் தடவிப் பார்த்தார். “இதுல நூறு குடுங்க. ஐயா போட்டிருக்கறது கல்யாணப் பரிசு கட்ட நல்லா இருக்கும்.”

அன்று மாலையே அவசரக் கூட்டம். பெரியவர் சாய்வு நாற்காலியில் தெளிந்திருந்தார்.

“எழுதிக்கோம்மா. சாம்பல் பட்டையின் அருமையைத் தலைவர் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார். அதை உலகுக்கு நிரூபிக்கவே தம் உயிரைப் பணயம் வைத்தார். லாரி தானாக நின்றது.”

“எனக்கு அன்னைக்கே கண்ணு கூசிச்சு அண்ணே” என்றார் தம்பி.

“சரியாச் சொன்னீங்க அப்பா” என்றான் மகன்.

மருமகள் ஒரு எழுத்து விடாமல் எழுதினாள். முதல் வரியை மட்டும் அவளிடம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதை அவளே எழுதுவதுதான் வழக்கம். பெரியவர் பேனாவை வாங்கி, நிறுவனத்தின் கௌரவத்துக்கு ஏற்றபடி, படிக்காமல், பெரிதாகக் கையெழுத்திட்டார்.

“வந்திருந்தோர்: ஒருவர்.”