பெண் பார்க்க வந்தவர்களும் பசி தீராத மீன்களும்

சாப்பிடுகிறவர் "போதும்" என்று சொன்னால் நம் ஊரில் யாரும் நம்புவதில்லை. இலையைக் கையால் மறைத்தால் கைமேலேயே சாம்பாரை ஊற்றுவோம். மனிதர்கள்வரை இது சரி. இதே பாசத்தைக் கடல்மீன்களிடம் காட்டினால் என்ன ஆகும் என்பதைப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கற்றுக்கொண்டவள் நான்.

கொடைக்கானலில் ஒரு தங்கும் விடுதியில் அப்போது வேலை பார்த்தேன். அதன் வரவேற்பறையில் ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கிற நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி ஒன்று. உள்ளே உப்புத் தண்ணீர், உயிருள்ள பவளங்கள், கலர் கலராக மீன்கள். மலை உச்சியில் எதற்குக் கடல் என்று கேட்காதீர்கள், முதலாளிக்கு ஆசை. ஊரே ஸ்வெட்டருக்குள் நடுங்கும்போது அந்த மீன்கள் மட்டும் ஹீட்டர் சூட்டில் சொகுசாகத் திரியும். விலங்கியல் படித்தவள் என்று அவற்றை என் தலையில் கட்டிவிட்டார்கள். (நான் படித்த புத்தகத்தில் மீனுக்கு இருந்தது ஒரே பாடம். அதையும் பரீட்சையில் சாய்ஸில் விட்டேன்.)

வேலை சுலபம் மாதிரித்தான் தெரியும். தீனி மிஞ்சி அடியில் விழுந்தால் அழுகி, தண்ணீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறும். ஏறினால் பாசி பிடித்துப் பவளம் சுருங்கும். சரி, இரண்டும் அறவே வேண்டாம் என்று மீனைப் பட்டினி போட்டால், அதில் துளி இல்லாமல் வாழத் தெரியாத பவளம் வெளுத்துப்போகும். அதனால் காலையில் ஒரு சிட்டிகை, சாயங்காலம் ஒரு சிட்டிகை. தண்ணீரைச் சின்னக் குழாயில் எடுத்து, மருந்து விட்டு, நிறம் பார்த்து, அதற்கேற்பக் கூட்டிக் குறைப்பேன்.

பூண்டி கிராமத்தில் பூண்டு விவசாயம் பார்க்கும் என் அப்பாவுக்கு இது அடியோடு பிடிக்காது. "நாங்க அந்த நைட்ரேட்டத்தான் ஒரமுன்னு மூட்ட மூட்டையா வாங்கிக் கொட்டுறோம். ஒனக்குத் தானா வருதுங்கிற, அதப் போயி வேணாங்கிறியே ஆத்தா!" என்பார்.

இப்படி இருக்கும்போதுதான் பழனியிலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை சரவணன், அடிவாரத்தில் அம்மாவோடு சேர்ந்து பொரியும் பஞ்சாமிர்தமும் விற்கிறவர். போனில் பேசினோம். எனக்குப் பிடித்துவிட்டது. (சும்மா சொல்லக் கூடாது, அவர் "ம்" என்றால்கூட எனக்குக் காது குளிரும்.) இனி அவர் அம்மா சரி என்று சொன்னால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை. அந்த அம்மா என் படிப்பையும் கேட்கவில்லை, ஜாதகத்தையும் துருவவில்லை. "புள்ளைக்குத் தாராளமாப் பரிமாற வருமா?" என்று மட்டும் கேட்டு அனுப்பியிருந்தார்.

ஒரு வேன் நிறையக் கிளம்பி வந்தார்கள். மலைப்பாதை வளைவுகளில் பாதிப் பேருக்கு வாந்தி. கொடைக்கானலில் இறங்கியதும், "இதுக்கு மேல பூண்டிக்கு நம்ம ஒடம்பு தாங்காது. பொண்ணு சோலி பாக்குற எடத்துலயே பாத்துருவோம்" என்று முடிவாகிவிட்டது. எனக்கோ லீவு இல்லை. அப்பா பட்டுப்புடவையைப் பையில் திணித்துக்கொண்டு பஸ்ஸில் ஓடிவந்தார். விடுதி வரவேற்பறையில், சோபாவில் வரிசையாக அவர்களை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தேன்.

வருங்கால மாமியாரின் பார்வை தொட்டிமேல் விழுந்தது.

"அட, தெப்பக்குளத்து மீனாட்டம் துள்ளுதே! சாப்பாடு போடு தாயி, பாப்போம்."

போட்டேன். குட்டி இறால், ஒரே சிட்டிகை. கண்மூடித் திறப்பதற்குள் தின்று தீர்த்துவிட்டு, எல்லா மீனும் கண்ணாடியில் முட்டி வாயைத் திறந்தன. (அவை எப்போதும் அப்படித்தான். பத்து வருஷமாகச் சோறு காணாதது மாதிரி ஒரு முகம் வைத்துக்கொள்ளும். வேஷக்காரப் பயல்கள்.)

"அம்புட்டுத்தானா?"

"ஆமாங்கத்தை. இதுக்கு மேல போட்டா தண்ணியில நைட்ரேட்..."

"ஏலே சரவணா, நல்லாப் பாத்துக்க. வாயில்லாத சீவன் வாயத் தொறந்துட்டு நிக்கிது, இவ தண்ணியப் பாக்குறா. நாளைக்கு ஒனக்கும் சிட்டிகையிலதான் சோறு!"

வேனில் வந்த கூட்டம் முழுக்கச் சிரித்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை. பாதி குடித்த காப்பியைக் கீழே வைத்துவிட்டார். அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு!

அறிவுள்ளவள் சும்மா இருந்திருப்பாள். நான் ஓடிப்போய் ஃப்ரீசரைத் திறந்து, ஒரு வாரத்துக்கு வைத்திருந்த இறாலை அள்ளிவந்து மொத்தத்தையும் கொட்டினேன். "சும்மா வெளாட்டுக்குச் சொன்னேங்கத்தை" என்று பல்லை வேறு காட்டினேன்.

"இது கை!" என்றார் அவர். காப்பியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். எனக்கு உயிர் வந்தது. அடுத்த நிமிடம் வேனில் வந்தவர்கள் அத்தனை பேரும் பொரிப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். தொட்டி மூடியைத் தூக்கிப் பிடித்து, "வாங்க, வாங்க" என்று உபசரித்தவள் சாட்சாத் நானேதான். சரவணனுக்குப் பெரியப்பா முறையுள்ள ஒருவர் பஞ்சாமிர்த டப்பாவைத் திறந்தார். "பிரசாதம்தான தாயி, ஒண்ணுஞ் செய்யாது" என்று ஒரு கரண்டியும் விட்டார்.

தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள், தண்ணீரின் அழுக்கை நுரையாக்கிப் பிரிக்கும் எந்திரம் ஒன்று உண்டு. நெய்யும் வெல்லமும் இறாலும் சேர்ந்து வந்ததும் அது பேய் பிடித்ததுபோல் பொங்கியது. கதவிடுக்கு வழியாக நுரை வெளியே வந்து கம்பளத்தில் ஏறி, பெரியப்பாவின் செருப்பை மூடியது. தண்ணீர் அரிசி களைந்த தண்ணீராகிவிட்டது. பவளங்கள் ஒவ்வொன்றாகச் சுருண்டன. பூமாதிரி விரிந்திருந்த ஒரு பிராணி, தன்மேல் விழுந்த பேரீச்சம்பழத்தை வாங்கி, கொஞ்சம் யோசித்து, துப்பியது. மீன்கள் மூச்சுக்குத் தவித்து மேலே வந்து வாயைப் பிளந்தன.

"பாரு, இன்னுங் கேக்குதுக!" என்று மாமியார் அடுத்த கைப்பிடியைத் தூக்கினார்.

"போதும்! கைய எடுங்க! செத்துரும்!"

கத்தியது நான்தான். கல்யாணம் கையைவிட்டுப் போகிற சத்தம் என் காதில் விழுந்தது. அழுகை முட்டியது. அழ நேரமில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, நுரைக்குள் முட்டிபோட்டு, ரப்பர் குழாயைத் தொட்டிக்குள் விட்டு வாயால் உறிஞ்சினேன். உப்பு, இறால், பஞ்சாமிர்தம் எல்லாம் ஒரே மடக்கில் வந்தன. (அந்தச் சுவை இன்றும் நாக்கில் இருக்கிறது.) சரவணன் வாளியைக் கொண்டுவந்து பிடித்தார்.

"ஏ புள்ள, அந்தத் தண்ணிய வீணாக்காத, பூண்டுக்கு ஊத்தலாம்" என்றார் அப்பா.

"உப்புத் தண்ணிப்பா!"

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். நுரையைப் பார்த்தார், பொரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்ன நடக்குது இங்க?"

"பொண்ணு பாக்குறோம் சார்" என்றார் அப்பா, பயபக்தியோடு.

கரைத்து வைத்திருந்த புது உப்புத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினோம். மீன்கள் பிழைத்தன. ஒரு பவளம் மட்டும் போய்விட்டது. மற்றவை நாளாக ஆக விரிந்தன. மேனேஜர் என்னைத் துரத்தவில்லை. கல்யாணமாகி நானே தொலைந்துவிடுவேன் என்ற நம்பிக்கைதான்.

அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. வேனில் ஏறும்முன் மாமியார் என் கன்னத்தில் ஒட்டியிருந்த பொரியைத் தட்டிவிட்டார். "மீனுக்காக அழுக்குத் தண்ணியவே வாய வச்சு உறிஞ்சுறவ, எம்புள்ளைய விட்டுருவாளா? பூ வைக்க நாள் பாருங்க" என்றார் அப்பாவிடம். நான் அதற்குத்தான் அழுதேன், வெட்கமே இல்லாமல், அத்தனை பேர் முன்னாலும்.

கல்யாணமாகி இரண்டு பிள்ளைகளும் பிறந்துவிட்டன. இதுவரை அந்தக் குடும்பத்துப் பந்தியில் நான் கரண்டி பிடித்ததில்லை. போன மாதம் கொழுந்தன் மனைவியின் வளைகாப்பு. ஆள் போதவில்லை, புதிதாக வந்த சமையல்காரர் விவரம் தெரியாமல் என்னிடம் சாம்பார் வாளியை நீட்டிவிட்டார். பந்தியின் அந்தக் கடைசியிலிருந்து மாமியார் குரல் பறந்துவந்தது.

"ஐயையோ, அவ கையில குடுக்காதீங்க! ஒண்ணு பட்டினி போடுவா, இல்லன்னா கொட்டியே கொன்னுபுடுவா. நடுவுல அவளுக்குப் பழக்கமில்ல!"