மரையில் எண்ணெய் படக்கூடாது

நாகர்கோவிலில் ஒரு பஸ் ஒர்க்ஷாப்பில் பதினோரு மாதம் சாயா வாங்கிக் கொடுத்துவிட்டு, நான் மெக்கானிக் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அந்தப் பொய்யை என் தாய்மாமா ஒருவர்தான் முழுசாக நம்பினார். வினை அங்கேதான் தொடங்கியது.

நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சிக்காரர்களாக இருந்த காலம். தோவாளையில் மாமா நெல் குத்தும் மில் வைத்திருந்தார். உலகச் சண்டை முடிந்ததும் பட்டாளம் கழித்துக்கட்டிய லாரி இஞ்சினைச் சிமிண்ட் மேடையில் இறக்கி, அதன் ஃபிளைவீல் என்ற கனத்த இரும்புச் சக்கரத்தில் பெல்ட் மாட்டி ஓட்டினார். மாமா மகள் செல்லம்மை என்றால் எனக்கு உயிர். எங்களுக்கு நிச்சயதாம்பூலம் வைத்த நாளன்று காலையில் பார்த்து, இஞ்சின் 'டக் டக்' என்று இருமியது.

"மருமவனே, மெக்கானிக்குன்னுதாம்லே ஒனக்குப் பொண்ணு தாறேன். பந்திக்கு அரிசி இதுல குத்தித்தான் வரணும். இஞ்சின் ஓடாட்டா தாம்பூலமும் கெடையாது, கேட்டியா?"

ஃபிளைவீலைப் பிடித்திருந்த ஆறு போல்ட்டும் தளர்ந்திருந்தன. அவை கழலாமல் தடுக்கும் தகட்டைக் காணோம். நாகர்கோவில் போய்வர நேரமில்லை. மில்லுக்குப் பின்னால் பெண்கள் பிரதமன் பாயசத்துக்குச் சக்கை வெட்டிக்கொண்டிருந்தார்கள். (சக்கை என்றால் எங்கள் ஊரில் பலாப்பழம்.) வெட்டுக்கத்தியில் வெள்ளையாய்ப் பிசின். அடடா! விரலில் பட்டால் மூன்று நாள் போகாத சாமான். போல்ட்டில் அப்பினால் ஏழு ஜென்மத்துக்கும் அசையுமா? என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

சக்கைப் பிசினைத் தொடுமுன் எங்கள் ஊரில் பச்சைப்பிள்ளைகூடக் கையில் தேங்காயெண்ணெய் பூசிக்கொள்ளும். பூசினால் பிசின் ஒட்டாது. நானும் முழங்கை வரை பூசிக்கொண்டேன்.

"போல்ட்டுக்கும் ரெண்டு சொட்டு விடட்டா மக்கா?" என்று மாமா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார்.

"அய்யோ மாமா! மரையில எண்ணெ படப்பிடாது. பட்டா கழண்டுரும்" என்றேன், எண்ணெய் சொட்டும் விரலால் ஒவ்வொரு போல்ட்டின் திருகு மரையையும் தடவித் தடவிப் பிசின் அப்பிக்கொண்டே.

"தொழில் படிச்சவன் படிச்சவந்தான்" என்று மாமா உருகிப்போனார். ஸ்பேனர் போட்டு முறுக்கினேன். வழுக்கிக்கொண்டு என்ன சுகமாக உள்ளே போயிற்று!

இஞ்சின் ஓடியது. அரிசியும் வந்தது. மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "ஓடட்டும், சொந்தக்காரங்க கேக்கட்டும்" என்று நிறுத்தவே விடவில்லை. பந்தலில் தாம்பூலத் தட்டைக் கையில் எடுக்கும் நேரம், மில்லில் 'டணார்' என்றது.

ஃபிளைவீல் வாசல் வழியாகத்தான் வந்தது. (அந்த மரியாதை அதற்கு இருந்தது.) பந்தலின் நட்டநடுவே உருண்டது. இரண்டு வீட்டாரும் ஒற்றுமையாக எழுந்து ஓடியது அன்று ஒருநாள்தான். தட்டு ஒரு பக்கம், தேங்காய் ஒரு பக்கம் பறந்தன. சக்கரம் ரோட்டைத் தாண்டி வயலுக்குள் இறங்க, "நில்லு! நில்லு!" என்று அதனிடம் கெஞ்சியபடி நான் பின்னால் ஓடினேன். சேற்றில் அது படுத்துவிட்டது. நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். செல்லம்மை எனக்கில்லை என்று நினைத்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"பொண்ணு கெடையாதுலே! ஆறு போல்ட்ட நெல நிறுத்தத் தெரியாதவன் எம்மவள எப்பிடிலே காப்பாத்துவ?" மாமாவின் குரல் மேலிருந்து வந்தது. நிமிர்ந்து பார்த்தால், பாதித் தென்னை மரத்தில் அவர்.

செல்லம்மை வரப்பில் வந்து நின்றாள். "அப்பா, சக்கரம் வந்தப்ப நீங்க மரத்துல ஏறினிய. இவரு ஒருத்தருதான் அதுக்குப் பொறத்தால ஓடினாரு. நான் இவரத்தான் கெட்டுவேன்."

மாமா மரத்தில் இருந்தபடியே சரியென்று தலையாட்டினார். இறங்கத்தான் முடியவில்லை. நான்தான் ஏணி கொண்டுபோனேன்.

கல்யாணத்தன்று தாலியை எடுத்தேன். மாமா மேளத்தையே நிறுத்திவிட்டார். செம்பில் தண்ணீரும் கை நிறையச் சாம்பலும் கொண்டுவந்து, சபை நடுவே என் கையைத் தேய்த்துக் கழுவி, எண்ணெய் வாடை இல்லையென்று விரல் விரலாக முகர்ந்து பார்த்த பிறகுதான் முடிச்சுப் போட விட்டார். அன்று முதல் எங்கள் குடும்பத்தில் எந்த மாப்பிள்ளைக்கும் இது தப்பாது.

பேத்தி கல்யாணத்தில், மெட்ராஸ் சம்பந்தி கைகூப்பிக் கேட்டார்: "ரொம்ப விசேஷமான சம்பிரதாயம். தாத்பரியம் என்ன?" நான் வாய் திறக்குமுன் புரோகிதர் முந்திக்கொண்டார். சாம்பல் சிவமாம், செம்புத் தண்ணீர் கங்கையாம். சம்பந்தி அந்தத் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். செல்லம்மை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பந்தலை விட்டு வெளியே ஓடினாள். எந்தக் கல்யாணத்திலும் அந்த ஐந்து நிமிஷம் அவளால் உள்ளே இருக்க முடிந்ததில்லை.