‘தொடாதே’ ஒட்டிய லேப்டாப்

விஜயதசமியன்று காலையில், ஒரு கை பொரியை வாயில் போட்டு மென்றுகொண்டே பாலகோபால் சபதம் போட்டார்.

“அம்மணி! மத்தியானச் சோத்துக்கு முந்தி இந்த லேப்டாப்புல ரெண்டாவது சிஸ்டத்தை ஏத்திப்போடறேன் பாரு. ஒரே ஊட்ல ரெண்டு குடித்தனம். ஒண்ணு சினிமாவுக்கு, இன்னொண்ணு பட்டறை டிராயிங்குக்கு.”

சிங்காநல்லூரில் பம்புசெட்டு உதிரி பாகங்களைக் கடைந்து தரும் பட்டறையில் அவர் சூப்பர்வைசர். உலகத்து மிஷின் எல்லாம் தன் பேச்சைக் கேட்கும் என்று அவருக்கு நினைப்பு.

அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. மனைவி கயல்விழியின் மனசு அதைவிட வெந்தது. அவள் படிப்பு எட்டாவதோடு நின்றுபோனது. அடுத்த வருஷம் பத்தாவதைத் தனியாக எழுதிவிட ஆசை. பாடமெல்லாம் நெட்டில் கிடைக்கிறது. பாப்பா அக்ஷிதா தூங்குகிற ரெண்டு மணி நேரம் அந்த லேப்டாப் கைக்கு வந்தால் போதும். போன மாசம் வாய்விட்டுக் கேட்டும் பார்த்தாள். பதில் அதன் மூடி மேலேயே ஒட்டியிருக்கிறது. ‘தொடாதே.’ சிவப்பு மை. அடியில் ரெண்டு கோடு வேறு.

“ஏனுங்க, ரெண்டு குடித்தனத்துல ஒண்ணை எனக்குக் குடுக்கக் கூடாதுங்களா?”

“நீ தொட்டா ரிப்பேராயிரும் அம்மணி. இதென்ன மிக்ஸியா?”

மிக்ஸியை ரிப்பேராக்கியதும் அவர்தான்.

பென் டிரைவைச் சொருகினார். திரை நீலமாச்சு. என்னமோ சுற்றிச்சு. அப்புறம் பெட்டி மாதிரி ஒரு கட்டம் வந்து நின்றது. தேவையான டிரைவர் ஃபைலைக் காணவில்லையாம்.

“காணோமா? நேத்து நாந்தானே ஏத்துனேன்!”

பிடுங்கினார். அதே இடத்தில் சொருகினார். காணவில்லை. இன்னொரு பென் டிரைவில் டிரைவரை ஏற்றி, அதையும் அதே இடத்தில் சொருகினார். அதுவும் காணவில்லை. பத்து மணிக்கு வேட்டியை மடித்துக் கட்டினார். பதினோரு மணிக்குச் சட்டையைக் கழற்றினார். பன்னிரண்டுக்குப் பட்டறை நண்பர் சென்னகேசவனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

“கம்பெனிக்காரனே ஏமாத்திப்போட்டான் கேசவா!”

“மறுக்கா ஒருக்கா சொருகிப் பாருங்க கோபாலு.”

“இருவத்தேழு தடவை சொருகியாச்சுங்க!”

மோர் கொண்டுவந்து வைத்த கயல்விழி குனிந்து பார்த்தாள். பார்த்ததும் விளங்கிப்போச்சு.

நேற்று ஆயுத பூஜை. பட்டறைப் பழக்கம், அவர் பொட்டு வைக்காமல் எந்த மிஷினையும் விடமாட்டார். ஃபேன் சுவிட்சுக்குப் பொட்டு. கேஸ் சிலிண்டருக்குப் பொட்டு. லேப்டாப்புக்கு நாலு மூலையிலும் வைத்துவிட்டு, வலது பக்கத்து ஓட்டைக்கும் போனார். ‘அதுக்குள்ள எதுக்குங்க?’ என்றாள். ‘வாசப்படிக்குப் பொட்டு வெக்காம எப்புடி அம்மணி?’ என்று குழைத்த சந்தனத்தைக் கட்டை விரலால் அழுத்தினார். அந்தச் சந்தனம் இப்போது காய்ந்து, ஓட்டையின் ஓரத்தில் மஞ்சளாக எட்டிப் பார்த்தது. பென் டிரைவ் முழுசாக உள்ளே போகாமல் பட்டும் படாமலும் நின்றது.

“ஏனுங்க, இடது பக்கத்து ஓட்டையில…”

“ஓட்டையா! அது போர்ட்டு! அதுல மவுஸ் இருக்குது. நீ ரசத்தைப் பாரு.”

ரசத்தைப் பார்க்கத்தான் திரும்பினாள். ரெண்டு எட்டு வைத்து நின்றாள்.

“நாஞ் சரிபண்ணிப்போட்டா என்ன குடுப்பீங்க?”

அவர் மோர் புரையேறச் சிரித்தார். “நீயா? நீ சரிபண்ணிட்டா இந்த லேப்டாப்பே உன்னுது! கேசவா, நீதான் சாட்சி!”

“கேட்டுச்சுங்க,” என்றது போன்.

கயல்விழி முந்தானையில் கையைத் துடைத்தாள். பென் டிரைவைப் பிடுங்கினாள். அதன் மூக்கில் ஒட்டியிருந்த சந்தனத்தையும் முந்தானையிலேயே துடைத்தாள். மவுஸைக் கழற்றிப் போட்டாள். இடது பக்கம் சொருகினாள். பொத்தானை அழுத்தினாள்.

நீலம் வந்தது. சுற்றியது. கட்டம் வரவில்லை! ஒன்று, ரெண்டு, மூன்று என்று சதவீதம் ஏற ஆரம்பித்தது. ரசத்தைக் கொதிக்கவைத்து இறக்கி, அப்பளமும் பொரித்தாகிவிட்டது. சோற்றுத் தட்டு வைக்கும்போது நூறு!

“என்னாச்சுங்க? சத்தத்தைக் காணோம்?” என்றது போன்.

பாலகோபால் ஓட்டையைப் பார்த்தார். தன் கட்டை விரலைப் பார்த்தார்.

திரை, யார் பெயரில் என்று கேட்டது. எழுத்து எழுத்தாகத் தேடித் தேடி ‘கயல்விழி’ என்று அழுத்தினாள். பாஸ்வேர்டு கேட்டது. அதையும் அழுத்தினாள். எட்டு எழுத்து. அவர் எட்டிப் பார்த்தார். எட்டும் வெறும் புள்ளி.

“சாயங்காலம் ஒரே ஒரு படம் அம்மணி…”

“பாடம் முடியட்டுமுங்க, தாரேன்.”

சாப்பாடு முடிந்து பாப்பா தொட்டிலில் தூங்கியது. கயல்விழி கணக்குப் பாடத்தைத் திறந்து உட்கார்ந்தாள். பாலகோபால் பூனை மாதிரி எதிர்ப்பக்கம் வந்து கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது.

மூடியில் இருந்த ‘தொடாதே’ சீட்டை அவள் கிழிக்கவில்லை. எதிரே நிற்கிற அவர் நேராகப் படிக்கிற மாதிரி திருப்பி ஒட்டியிருந்தாள்.