தரை துடைக்கத் தெரியாத கதாநாயகன்

கதாநாயகன் தரை துடைக்கும் விதம் பிடிக்காமல் ஓர் ஆங்கிலப் படத்தின் பாதியில் எழுந்து வந்த மனிதர், சுவிட்சர்லாந்தின் பிரெஞ்சு பேசும் லோசான் நகரத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவரை நாங்கள் பிரிட்டிஷ் அண்ணை என்போம். பிரிட்டன் பக்கம் அவர் போனதே கிடையாது. ஒரு முதியோர் இல்லத்தில் அவரும் நானும் துப்புரவு வேலை செய்தோம்.

எங்கள் தமிழ் ஆட்கள் பாட்டும் சண்டையும் உள்ள படங்களுக்குப் போவார்கள். இவரோ தொழிலாளர் படும் பாட்டைச் சொல்லும் புதிய பிரிட்டிஷ் படங்களை மட்டும் தேடிப் போவார். அவற்றில் வேலை போகும், வீடு போகும், விடாமல் மழை பெய்யும். மறுநாள் தரை துடைக்கும் மொப்பும் கையுமாக எனக்கு விமர்சனம் நடக்கும்.

“துடைச்ச ஈரத்துக்கு மேலயே நடக்கிறான் தம்பி. இஞ்சையெண்டா மூண்டு நாளில வேலையால நிப்பாட்டியிருப்பினம்.”

“படத்திலயும் நிப்பாட்டினவைதானே அண்ணை?”

“ஓம். ஆனா வேற காரணம் சொல்லிப்போட்டாங்கள்.”

மனைவியின் பிறந்தநாளுக்கும் அப்படியொரு படத்துக்கே கூட்டிப்போனார். அக்கா இரண்டு நாள் சமைக்கவில்லை. “எங்கட சீவியத்தையே ஏன் காசு குடுத்துப் பாக்கிறீங்கள்?” என்று கேட்டார். அண்ணை சொன்னார்: “ஆரோ ஒராள் எங்களைக் கவனிச்சிருக்கிறார். அதைப் பாக்கத்தான்.”

பிறகு எங்கள் துப்புரவு வேலையை வெளி நிறுவனம் ஒன்றிடம் கொடுத்தார்கள். அந்த நிறுவனத்தார் என்னை எடுத்துக்கொண்டார்கள். ஐம்பத்தெட்டு வயதான அண்ணையை எடுக்கவில்லை. மேலாளரின் அறைக்குள் போனவர் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார்.

“என்ன அண்ணை சொன்னவை?”

“மரியாதையாத்தான் கதைச்சவை. கோப்பியும் தந்தவை.” கையுறையை மெதுவாகக் கழற்றினார். “படமெண்டா இந்த இடத்தில ஆள் மேசையில அடிச்சுக் கத்துவான். நானும் கத்திறதுக்குப் பிரெஞ்சில பாடமாக்கி வைச்சிருந்தனான்.”

“கத்தினீங்களோ?”

“மெர்சி, நன்றி எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்.”

ஓராண்டு வேலை தேடினார், கிடைக்கவில்லை. படங்களுக்குப் போவதையும் விட்டுவிட்டார். கேட்டால், “முடிவு தெரியும்” என்பார்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் நானே இரண்டு டிக்கெட் எடுத்து, விடாப்பிடியாக அவரை அழைத்துப்போனேன். கதாநாயகனுக்கு வேலை போவதற்கு முன்பே அண்ணை என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். படம் முடிந்து விளக்குகள் எரிந்தன. கூட்டுவதற்கு வந்த பெண் எங்கள் வரிசையருகே நின்றாள். நான் உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். அவள் தலையசைத்துவிட்டு, கடைசி வரிசையிலிருந்து கூட்டத் தொடங்கினாள்.