டாக்டரம்மா காருக்கு மெழுகு பூசிய கதை

ஒரு தொழிலில் நாலைந்து வருடம் குப்பை கொட்டிவிட்டால், அதற்குப் பக்கத்துத் தொழிலும் தனக்குத் தெரியும் என்று மனிதனுக்கு ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. கண் டாக்டரிடம் முழங்கால் வலிக்கு யோசனை கேட்டுப் பாருங்கள். தெரியாது என்று சொல்லவே மாட்டார். நானும் அந்த ரகம்தான். ஓசூரில் பைக் சைலன்சர் குழாய்களுக்குப் பளபளப்பு ஏற்றும் பஃபிங் பிரிவில் சூப்பர்வைசர். இரும்புக் குழாயில் முகம் பார்த்துத் தலை சீவுகிறவனுக்கு ஒரு காரைப் பளபளக்க வைப்பது எம்மாத்திரம் என்று நினைத்தேன். நான் நினைத்த மோசமான நினைப்புகளில் அதற்குத்தான் முதலிடம். (இரண்டாம் இடம், அதை மாமனார் வீட்டில் வாய்விட்டுச் சொன்னதற்கு.)

மாமனார் பெயர் மாதப்பன். நாகரசம்பட்டியில் மாந்தோப்பு வைத்திருக்கிறார். நான் விருதுநகர்க்காரன். அவர் மகள் மஞ்சுவும் நானும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்து, ஒரே கம்பெனி பஸ்ஸில் போய் வந்து, இரண்டு வீட்டையும் கலங்கடித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். மாமனார் கல்யாணத்துக்கு வந்தார், அட்சதை போட்டார், சாப்பிட்டார். என்னோடு மட்டும் பேசவில்லை.

பண்டிகைக்குப் போனால் கவனிப்பில் ஒரு குறையும் இருக்காது. ஆனால் எல்லாம் சுற்று வழியில்தான் வரும். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். அவர் மஞ்சுவைப் பார்த்து, "வேல எப்பிடிப் போவுதுன்னு அவரக் கேளு" என்பார். மஞ்சு என் பக்கம் திரும்பி, "வேல எப்பிடிப் போவுதுன்னு அப்பா கேக்கறாரு" என்பாள். நான், "நல்லாப் போகுதுன்னு சொல்லு" என்பேன். மஞ்சு ஊரில் இல்லாத ஒரு நாள் நாங்கள் இருவரும் சாயங்காலம் முழுக்கச் சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தோம். ஒரே ஒரு தரம் அவர் வாயால் 'மாப்ள' என்று கூப்பிட்டுவிட்டால் போதும் என்று எனக்கு ஏக்கமாகவே இருந்தது.

மாமனாருக்கு ஒரு கார் உண்டு. மெரூன் நிறம். ஓசூர் புரோக்கர் ஒருவர் பிடித்துக்கொடுத்த பழைய வண்டி. அதன் வரலாற்றை அவர் யாருக்கும் சொல்லாமல் விட்டதில்லை. "பெங்களூர்ல ஒரு டாக்டரம்மா வச்சிருந்தது. ஊட்ட வுட்டா ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரிய வுட்டா ஊடு. கம்பெனி பெயின்ட்டு. இன்னிக்கு வரைக்கும் ஒரு கீறல் பட்டதில்ல." ஆர்.சி. புத்தகத்தில் முந்தைய சொந்தக்காரராக ஒரு பெண் பெயர் இருந்தது உண்மை. டாக்டர் பட்டம் புரோக்கர் கொடுத்தது.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு முன்னால் காரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "மங்கிப் போச்சு. பங்காளிங்க வண்டிங்க பக்கத்துல நிறுத்தறதுக்கே ஒரு மாதிரியா இருக்குது." இந்தப் பக்கத்தில் ஆயுத பூஜை என்றால் விளையாட்டில்லை. கம்பெனியில் லேத்திலிருந்து தண்ணீர்க் குழாய் வரை பொட்டு வைப்பார்கள். வீட்டில் டிராக்டர், பைக், மருந்தடிக்கும் மிஷின் எல்லாம் குளித்து மாலை போட்டு வரிசையில் நிற்கும்.

நான் மஞ்சுவிடம் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்: "பளபளப்பு ஏத்துறதுதான நம்ம தொழிலே. அப்பாகிட்டச் சொல்லு."

மாமனார் காரை ஒரு தரம் சுற்றி வந்தார். பிறகு, "அப்பிடின்னா அவரயே பாத்துக்கச் சொல்லு" என்று கார் சாவியை மேசைமேல் வைத்தார். கையில் கொடுக்கவில்லை. ஆனாலும் அந்தக் கார் சாவியை அவர் இன்னொருவருக்காக மேசைமேல் வைத்து நான் பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஓசூரில் கார் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். முதலாளி போனில் கன்னடம், வேலையாளிடம் தெலுங்கு, என்னிடம் தமிழ் என்று ஒரே மூச்சில் மூன்றையும் ஓட்டிக்கொண்டிருந்தார். அலமாரி முழுக்க டப்பாக்கள். எல்லாவற்றிலும் ஒரு சிவப்புக் கார் மின்னிக்கொண்டிருந்தது.

"மூணு வக இருக்குது சார். காம்பவுண்டு தோல உரிக்கும், பாலிஷ் மினுக்கும், மெழுகு காப்பாத்தும். உங்க வண்டிக்கு என்னா பெயின்ட்டு?"

"ஒரிஜினல் கம்பெனி பெயின்ட்."

"அப்போ பாலிஷும் மெழுகும் போதும் சார். காம்பவுண்டு வேணாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பிரிவில் முதலில் முரடு, பிறகு நடுத்தரம், கடைசியில் நைஸ். முரட்டைத் தொடாமல் பளபளப்பு வந்ததாகச் சரித்திரமே கிடையாது. "நான் பஃபிங்லதாங்க இருக்கேன்" என்று சொல்லி, இருப்பதிலேயே முரட்டுக் காம்பவுண்டைக் காட்டினேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் எடுத்துவைத்தார். (வியாபாரி எதற்குத் தடுக்கப்போகிறார்?) மெழுகிலும் திரவம், ஸ்பிரே, கட்டி என்று வகைகள் இருந்தன. கட்டி மெழுகுதான் ரொம்ப நாள் நிற்கும் என்றார். "தண்ணி நிக்காது, தூசி ஒட்டாது, சேறு தெறிச்சாலும் வழுக்கினு போயிரும் சார்." பெரிய டப்பாவாக வாங்கினேன்.

பூஜையன்று காலையில் மாமனார் பூ, வாழைக்கன்று, பூசணிக்காய் வாங்கக் கிருஷ்ணகிரி போய்விட்டார். மாமியார் சரோஜம்மா அடுப்படியில் சுண்டலோடு இருந்தார். நான் காரை மாமர நிழலில் நிறுத்தி, இடது பக்கக் கதவில் ஆரம்பித்தேன்.

தேய்க்கத் தேய்க்கத் துணி சிவந்தது. இங்கேதான் என் அனுபவம் என்னைக் கவிழ்த்தது. எங்கள் பஃபிங்கில் துணி கறுத்தால் சந்தோஷப்படுவோம், அழுக்குக் கழன்று வருகிறது என்று அர்த்தம். நாகரசம்பட்டியோ செம்மண் பூமி. ஆக, இது அத்தனை வருடத்துச் செம்மண் என்று முடிவு கட்டிவிட்டேன். துணியை மஞ்சுவிடம் காட்டி, "பாத்தியா? உங்கப்பா வண்டிய எவ்வளவு அழுக்கா வச்சிருந்திருக்காரு!" என்றேன். அவளும் வாயைப் பிளந்தாள். அந்த உற்சாகத்தில் இன்னும் பலமாகத் தேய்த்தேன்.

கதவின் நடுவில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. ஆகா, பளபளப்பு வந்துவிட்டது, வெயில் பட்டு மின்னுகிறது என்று நினைத்தேன். தலையைச் சாய்த்துப் பார்த்தேன். வெளிச்சம் நகரவில்லை. மேலே பார்த்தேன். மரத்தடியில் வெயிலே இல்லை. அது வெள்ளைப் பெயின்ட். மெரூனுக்கு அடியில் ஒரு வெள்ளைக் கார் இருந்தது.

அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டும். மீசையின் ஒரு பக்கம் குறைந்துவிட்டால் மறுபக்கத்தைச் சரி செய்கிறவன் கதையாக, சுற்றிலும் சமப்படுத்தலாம் என்று தேய்த்தேன். வெள்ளைக்குள்ளிருந்து நீலமாக ஒரு சுழி வந்தது. பக்கத்தில் இன்னொன்று. கதவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஜாங்கிரி பிழிந்த மாதிரி இரண்டு வரி கன்னட எழுத்து!

மஞ்சு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன எழுதியிருக்கு மஞ்சு?" என்றேன்.

"எனக்குக் கன்னடம் பேசத்தான் வரும், படிக்க வராது. அய்யோ, அப்பா வந்தா என்னா சொல்லப்போறீங்க?"

பதறிப்போனவனுக்குக் கையில் எது இருக்கிறதோ அதுதான் மருந்து. என் கையில் மெழுகு இருந்தது. அப்பிப் பூசினால் மங்கலாகி மறைந்துவிடும் என்று வழித்துப் பூசி, காயவிட்டுத் துடைத்தேன். டப்பாவில் போட்டிருந்தது அத்தனையும் சத்தியம். எழுத்துகள் நேற்றுத்தான் எழுதியவை போல ஜொலித்தன. மெரூன் பகுதிதான் கொஞ்சம் சுமார்.

ஆட்டோ வந்து நின்றது. மாமனார் பூசணிக்காயோடு இறங்கினார். காரைப் பார்த்தார். பூசணிக்காயைக் கீழே போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. குழந்தையைக் கிடத்துகிற மாதிரி மெதுவாகத் தரையில் வைத்தார். அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

"என்னா ஆச்சுன்னு அவரக் கேளு" என்றார் மஞ்சுவிடம்.

மஞ்சு அழுதுகொண்டே, "என்னா ஆச்சுன்னு அப்பா கேக்கறாரு" என்றாள்.

"தேய்ச்சேன், வந்துருச்சுன்னு சொல்லு."

அவர் கிட்டே போய் வெள்ளையை விரலால் தடவினார். "டாக்டரம்மா..." என்று முனகினார். நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் சமையலறைப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, நேராக என்னிடம் வந்தார்.

"மாப்ள."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிக்கூடப் பார்த்தேன்.

"மாப்ள, உங்க அத்தைக்குக் கன்னடம் படிக்க வரும். ஆனேக்கல்ல பத்தாவது வரைக்கும் கன்னடத்துலதான் படிச்சா. இத அவ பாக்கக் கூடாது. மறைக்கறதுக்கு எதுனா பண்ணுங்க."

அந்த ஒரு சொல்லுக்காக நான் காரையே சாப்பிட்டு மறைத்திருப்பேன். ஆனால் அதற்குள் பங்காளிகள் டிராக்டரும் பைக்குமாக வாசலில் வந்து சேர ஆரம்பித்துவிட்டார்கள். சட்டென்று எனக்கு ஒன்று தோன்றியது. பூஜைதானே? சந்தனம் பூசினால் யார் கேட்கப்போகிறார்கள்? இருந்த சந்தனத்தையெல்லாம் கொட்டிக் குழைத்து, மற்ற வண்டிகளுக்குப் பொட்டு வைக்கிற இடத்தில் இந்தக் கதவு முழுக்க நானும் மாமனாரும் தோளோடு தோள் நின்று பூசி மெழுகினோம். கல்யாணமான பிறகு நாங்கள் சேர்ந்து செய்த முதல் வேலை அதுதான். பங்காளி ஒருவர், "மாதப்பனுக்கு வண்டி மேல இவ்ளோ பக்தியா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மாமியார் கற்பூரத் தட்டோடு வந்து, வண்டிகளை வரிசையாகச் சுற்றினார். டிராக்டர் ஆயிற்று, பைக்குகள் ஆயிற்று. காரின் இடது பக்கம் வந்தார். அந்த நேரம் பார்த்து, நான் பார்த்துப் பார்த்து வாங்கிய கட்டி மெழுகு தன் வேலையைக் காட்டியது. ஈரச் சந்தனம் மேலிருந்து ஒரு தட்டாகக் கழன்று, நிதானமாக வழுக்கி, 'தொப்' என்று மாமியார் காலடியில் விழுந்தது. மாமனார் கண்ணை மூடிக்கொண்டார். நான் மூட மறந்து நின்றேன்.

மாமியார் தட்டை உயர்த்தி, கற்பூர வெளிச்சத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தார். "டிரைவிங் ஸ்கூல்." கொஞ்சம் நிறுத்தி, இரண்டாவது வரியைப் படித்தார். "மஹிளெயரிகெ விசேஷ தரபேதி." பிறகு தமிழ் மட்டும் தெரிந்தவர்களுக்காகத் திரும்பி, "பொம்பளைங்களுக்குத் தனிப் பயிற்சியாம்" என்றார்.

பங்காளிகளில் ஒருவர் சந்தேகத்தோடு கார் கதவைத் திறந்து, டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் முன்னால் இருந்த காலடி விரிப்பைத் தூக்கினார். இரும்புத் தரையில் வரிசையாக போல்ட் துளைகள். சொல்லிக்கொடுக்கிறவர் மிதிக்கும் பெடலைக் கழற்றிய இடம். (அது ஏசி தண்ணீர் வடியும் துளை என்று மாமனார் இத்தனை நாளும் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.)

மாமியார் கத்துவார் என்று நினைத்தேன். அவர் கற்பூரத்தை முறைப்படி காட்டி முடித்தார். தட்டை மஞ்சுவிடம் கொடுத்தார். அப்புறம்தான் மாமனாரிடம் வந்தார்.

"எனக்கும் ஓட்டக் கத்துக் குடுன்னு எத்தினி வருசமாக் கேட்டன்? டாக்டரம்மா வண்டி, கத்துக்கறவங்க கை பட்டா கெட்டுப் போயிரும்னு சொன்னியே? பெங்களூருப் பொம்பளைங்க பூராம் கத்துக்கினு போன வண்டியில, நான் மட்டும் தொடக் கூடாதா?"

"இல்ல சரோஜா, அந்த புரோக்கரு..."

"புரோக்கரு கெடக்கட்டும். நாளைக்கு விஜயதசமி. எது கத்துக்கறதுன்னாலும் நாளைக்குத்தான் ஆரம்பிக்கணும். காலையில குளிச்சிட்டு ரெடியா இரு."

அதற்குப் பிறகுதான் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு டிராக்டர் சத்தத்தை அமுக்கிவிட்டது. மாமனார் பூசணிக்காயை உடைத்த வேகத்தில் அது தெருக்கோடி வரை தெறித்தது.

மறுநாள் மாமியார் ஸ்டியரிங்கில் மஞ்சள் பூசி உட்கார்ந்தார். மாமனார் பக்கத்து சீட்டில். இல்லாத பெடலை அவர் பத்து நாள் மிதித்து மிதித்து அந்த விரிப்பு கிழிந்துபோனது. கதவுக்குப் புதுப் பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்று நான் கெஞ்சியும் மாமியார் விடவில்லை. "கத்து முடிக்கற வரைக்கும் போர்டு இருக்கட்டும்" என்றுவிட்டார். இப்போது மாங்காய் சீசனில் டிக்கி நிறையப் பழத்தோடு ஓசூருக்கு எங்கள் வீட்டுக்கு அவரே ஓட்டி வருகிறார். ஹைவேயில் லாரிக்காரர்கள் அவருக்கு வழிவிடுகிறார்கள்.

போன மாதம் மஞ்சுவின் சித்தப்பா மகளுக்கு வரன் பார்த்தார்கள். பர்கூரிலிருந்து வந்த தரகர், மாப்பிள்ளைப் பையனைப் பற்றி அரை மணி நேரம் பாடினார். தங்கமான பையனாம், ஒரு கெட்ட பழக்கம் கிடையாதாம், ஆபீசை விட்டால் வீடு, வீட்டை விட்டால் ஆபீசாம். மாமனார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். தரகர் முடித்ததும் என் தோளில் கையைப் போட்டார்.

"எல்லாம் சரிங்க. எங்க மாப்ளய ஒருவாட்டி அனுப்பறன். கொஞ்சம் தேய்ச்சிப் பாத்துட்டு வரட்டும், அப்புறம் பேசலாம்."