கம்ப்ளேன் அண்ணே காய்ச்சிய பறை

கோபப்படக் காரணமே இல்லாத ஊர் ஒன்று உலகத்தில் இருந்தால், அங்கேயும் போய்க் கால் மணி நேரத்தில் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துவிடக்கூடிய ஒரே மனிதர் எங்கள் கம்ப்ளேன் அண்ணே. சும்மா சொல்லவில்லை. அப்படி மூன்று ஊர்களுக்கு அவரோடு போய், மானம் போய்த் திரும்பி வந்து சொல்கிறேன். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம்தான்.

அவருடைய சொந்தப் பெயரைப் பாஸ்போர்ட்டில் ஒருமுறை பார்த்தேன், மனதில் நிற்கவில்லை. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலைக்கு லோரி ஓட்டுகிறார். சனி, ஞாயிறுகளில் கிள்ளானில் ஒரு பறைக்குழுவுக்குத் தலைவர். அந்தக் குழுவுக்குச் சட்டை தைக்கும் டைலர் நான். ஒவ்வொரு சட்டைக்கும் மூன்று முறை கடையேறி வருவார்.

"டைலரம்மா, கழுத்தைப் பிடிக்குது."

"டைலரம்மா, கழுத்து தொங்குது."

இரண்டும் ஒரே சட்டை, ஒரே நாள்.

கலாசாரப் பரிமாற்றம் என்று ஜெர்மனியிலிருந்து குழுவுக்கு அழைப்பு வந்தது. மூன்று பழைய ஊர்களில் வாசிக்க வேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸில் ஆபீஸ் வைத்திருக்கும் ஷாலினி என்ற பெண்தான் ஏற்பாடு. ஆறு பறைகாரர்கள், ஷாலினி, உடைகளைப் பார்த்துக்கொள்ள நான். ஃபார்ம் டூவோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவள் நான்; பக்கத்து ஊர் பந்திங் வரைக்கும் போனாலே கேஸ் அடுப்பை மூடினேனா என்று பாதி வழியில் திரும்புகிறவள். விமானம் இறங்கும்வரை சீட் பெல்ட்டை அவிழ்க்கவே இல்லை. எட்டுப் பேர் பாஸ்போர்ட்டும் என் பையில். எண்ணிக்கொண்டே போனேன்.

முதல் ஊரில் மரச்சட்டம் கோத்துக் கட்டிய வீடுகள். தோளோடு தோள் சாய்ந்துகொண்டு பொம்மை மாதிரி நின்றன. நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தோம். அண்ணே இடுப்பில் கை வைத்தார்.

"ஏன் இவ்ளோ சாய்ஞ்சிருக்கு?"

"ஐந்நூறு வருஷப் பழசு அண்ணே," என்றாள் ஷாலினி.

"கான்ட்ராக்டர் யாரு?"

"அவரு செத்தே ஐந்நூறு வருஷம் ஆச்சு லா."

"தப்பிச்சான்."

கல் பாவிய தெருவில் நடந்தால், "இந்த ரோட்டுல என் லோரி வந்தா என்னாகும்?" என்பார். "உங்க லோரி இங்க வராதே அண்ணே." "வந்தா?" கோபுரத்து மணி அடித்தால் தாளம் இழுக்கிறது என்று மேலே பார்த்துத் திட்டுவார். இரண்டாவது ஊரில் ஞாயிற்றுக்கிழமை. எல்லாக் கடையும் சாத்தியிருந்தது. மூடிய கடை ஒவ்வொன்றின் முன்னும் நின்று தனித்தனியாகக் கோபப்பட்டார். உள்ளூர்க்காரர்கள் பார்க்கிறார்களே என்று எனக்கு வியர்த்தது, அந்தக் குளிரிலும்.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். மூன்றாவது ஊரில் நடந்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை.

பறை மாட்டுத்தோல். ஈரம் பட்டால் தொய்ந்துவிடும். வாசிப்பதற்கு முன் நெருப்பில் காட்டிக் காய்ச்சினால்தான் தோல் இறுகிக் குரல் வரும். நெருப்பே தேவைப்படாத பிளாஸ்டிக் தோல் இப்போது கிடைக்கிறது. அண்ணே அதைத் தன் குழுவில் சேர்க்க மாட்டார். முதல் இரண்டு ஊர்களில் ஆற்றங்கரையில் காய்ச்சிக்கொள்ள விட்டார்கள். மூன்றாவது ஊரில் விடிந்ததிலிருந்து மழை. மூன்று மணிக்குச் சந்தைச் சதுக்கத்தில் நிகழ்ச்சி. ஒரு காலத்தில் பாதி ஊர் எரிந்துபோனதாம். ஊரைச் சுற்றியிருக்கும் பழைய மதிலுக்குள்ளே நெருப்பு கூடவே கூடாது என்றுவிட்டார்கள். அண்ணே பறையை ஒரு தட்டுத் தட்டினார். தொப். நனைந்த மெத்தையைத் தட்டின மாதிரி.

"அண்ணே, ஸ்பீக்கர்ல ரெக்கார்டிங் போட்டுக்கலாம். நீங்க சும்மா அடிக்கிற மாதிரி பண்ணுங்க, ஓகே லா?" என்றாள் ஷாலினி.

"அடிக்கிற மாதிரியா? நீ மத்தியானம் சாப்பிடற மாதிரி பண்ணு. வயிறு ரொம்புதான்னு பாப்போம்."

பறையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிவிட்டார்.

"எங்க போறீங்க?" என்று பின்னாலேயே ஓடினேன்.

"நெருப்பு வேணாம்னு சொன்னவன் எவனோ, அவன்கிட்ட கம்ப்ளேன் பண்ண."

"உங்களால எல்லாரையும் பிடிச்சு உள்ள போடப் போறான்! பாஸ்போர்ட் பூரா என்கிட்ட இருக்கு, முதல்ல என்னைத்தான் பிடிப்பான்!"

அவர் காதில் விழவில்லை. மதிலுக்கு வெளியே தீயணைப்பு நிலையம். உள்ளே போய் மேசையைத் தட்டித் தமிழில் கத்தினார். வெள்ளை மீசை வைத்த ஒரு பெரியவர் எழுந்து ஜெர்மனில் கத்தினார். அவர்தான் அங்கே தலைவர் போல. இவர் "ஏன்டா" என்றால் அவர் இன்னும் ஒரு படி மேலே போனார். ஒருவர் சொன்னது ஒருவருக்குப் புரியவில்லை. ஆனால் இருவரும் சளைக்கவில்லை. சரி, ஜெயில்தான் என்று பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கோபத்தின் உச்சத்தில் அண்ணே பறையைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே அடித்தார். தொப்.

பெரியவர் நிறுத்திவிட்டார். கிட்டே வந்து, இரண்டு விரலால் தோலை அமுக்கிப் பார்த்தார். "ச்சு" என்றார். செத்த வீட்டில் நாம் போடுவோமே, அந்த "ச்சு". உள்ளே போய் வயிறு பெரிய மேளம் ஒன்றைத் தூக்கிவந்து தன் நெஞ்சில் மாட்டிக் காட்டினார். பிறகுதான் தெரிந்தது, தீயணைப்புக்காரர்களுக்கு ஒரு பேண்ட் குழு இருக்கிறதாம். அதில் மேளக்காரர் இவர்.

பிறகு நடந்ததை நீங்கள் நம்பமாட்டீர்கள். நிலையத்தின் பின்னால் கொட்டகைக்கு அடியில் ஓர் இரும்புத் தொட்டியில் தீயணைப்புக்காரர்களே நெருப்பு மூட்டினார்கள். தொப்பி போட்ட நான்கு பேர் தண்ணீர்க் குழாயை நீட்டிப் பிடித்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். குழுவின் மற்ற ஐந்து பறைகளும் வந்தன.

"விறகு சரியில்ல. வைக்கோல் இருக்கான்னு கேளு," என்றார் அண்ணே.

வைக்கோலுக்கு எப்படி நடித்துக் காட்டுவது? மாடு மாதிரி மென்று காட்டினேன். கொண்டுவந்தார்கள். அந்த அவமானத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

சூடு போகாமலிருக்கத் தீயணைப்புக்காரர்கள் தங்கள் தடித்த சட்டைகளுக்குள் பறைகளைப் பொத்திச் சதுக்கத்துக்கு எடுத்து வந்தார்கள். மூன்று மணிக்கு மழை தூறிக்கொண்டிருந்தது. அண்ணே முதல் அடி அடித்தார். இங்கேயும் சாய்ந்து நின்ற பழைய வீடுகளின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கூட்டத்தின் நடுவில் வெள்ளை மீசைக்காரர் ஆடினார். தாளத்தோடு ஒட்டவே இல்லை. அண்ணே அவரை முறைத்துக்கொண்டே வாசித்தார்.

முடிந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்து உடைகளை மடித்தேன். விரல் விறைத்து மடிப்பு நிற்கவில்லை. அண்ணே வந்தார். நன்றி சொல்வார், மன்னிப்பாவது கேட்பார் என்று நினைத்தேன். காய்ந்த பறையை என் மடியில் வைத்து, என் இரண்டு கையையும் எடுத்துத் தோலின் மேல் அழுத்தினார்.

"ஊசி பிடிக்கிற கை. இது வெறைச்சுப் போச்சுன்னா என் சட்டைய எவ தைப்பா? புத்தி இல்லாத பொம்பள."

திட்டிவிட்டுப் போய்விட்டார். தோல் இன்னும் சுட்டது.

இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் விடுவதாக இல்லை. நேற்று அவருடைய புதுச் சட்டையைத் தைத்து முடித்தேன். அளவு கச்சிதம், ஒரு குறையும் இல்லை. வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கழுத்துப் பட்டனை மட்டும் கொஞ்சம் தள்ளித் தைத்து வைத்திருக்கிறேன்.

வந்து கத்தட்டும்.